பிள்ளைகள் விட்டுப்போன நாய்க்கும் பூனைக்கும் சோறு வைப்பவர்களுக்கு

அன்புள்ள அம்மாக்களுக்கும் அப்பாக்களுக்கும்,

நான் ஒரு கால்நடை மருத்துவர். நாய், பூனைகளுக்கென்று சிறிய கிளினிக் ஒன்றை நடத்துகிறேன். நாயை ஆசைப்பட்டு வாங்கியவர்களுக்கு எழுதுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். இந்த மடல் அதை வளர்க்கிற உங்களுக்கு. மகன் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்ததும் ஒரு பக் குட்டி வாங்கினான். ஷிஃப்ட் மாறியதும் உங்களிடம் கொண்டுவந்து விட்டான். மகள் கல்லூரி வாசலில் கிடந்த பூனைக்குட்டியை மடியில் வைத்துத் தூக்கிவந்தாள். கல்யாணமாகிப் போகும்போது பூனை இங்கேயே தங்கிவிட்டது. தடுப்பூசி அட்டையில் பிள்ளையின் பெயரும் போன் நம்பரும்தான் இருக்கின்றன. விடிகாலையில் கதவைத் திறந்து விடுவது, சோறு பிசைந்து வைப்பது, ராத்திரி வாந்தி எடுத்தால் துடைப்பது எல்லாம் நீங்கள். டாக்டரிடம் வந்தால்கூட, விவரம் கேட்பது வீடியோ காலில் இருக்கும் பிள்ளை. நாயைப் பிடித்துக்கொண்டு நிற்கிற உங்களை யாரும் உட்கார வைத்துப் பேசுவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நீங்கள் பிள்ளை வளர்த்தவர்கள். அந்த அனுபவம் இங்கே நிறையவே உதவும். முகம் வாடியிருக்கிறது, நேற்றுபோல் இன்று இல்லை என்பதைப் பிள்ளைகளுக்கு முன்னால் நீங்கள்தான் கண்டுபிடிக்கிறீர்கள். ஆனால் நாயும் பூனையும் உடலால் வேறு சாதி. நமக்கு மருந்தாக இருப்பது அவற்றுக்கு விஷமாகிற இடங்கள் சில உண்டு. அந்த இடங்களை மட்டும் நீங்கள் தெரிந்துகொண்டால் போதும். மற்றதை உங்கள் கை பார்த்துக்கொள்ளும்.

முதலில் சோறு. என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி, “தயிர் சாதம் போடலாமா டாக்டர்?” நாய்க்குத் தயிர் சாதம் விஷமில்லை. ஓநாயோடு ஒப்பிட்டால், மாவுச்சத்தைச் செரிக்கும் நொதிக்கான மரபணுவின் பிரதிகள் நாயிடம் பல மடங்கு அதிகம் என்று ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2013-ல் காட்டினார்கள். மனிதனோடு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஒண்டி வாழ்ந்ததில் அதன் வயிறு நம் தானியத்துக்குப் பழகிவிட்டது. தயிரில் பாலைவிட லாக்டோஸ் குறைவு என்பதால் பல நாய்களுக்கு அது ஒத்துக்கொள்ளவும் செய்யும். சிக்கல் என்னவென்றால், தயிர் சாதம் மட்டுமே என்றால் வயிறு நிறையும், உடம்புக்கு வேண்டியது சேராது. புரதம் போதாது, துத்தநாகம் போன்ற தாதுக்கள் போதாது. முடி உதிர்கிறது, தோல் செதிலாகிறது, எடை மட்டும் ஏறுகிறது. குட்டியாக இருந்தால் இன்னும் மோசம். வளரும் வயதில் வெறும் பால் சோறோ வெறும் கறியோ மட்டும் தின்ற குட்டிகள், எலும்பில் சுண்ணாம்புச் சத்து இறங்காமல், முன்கால் வில்லாக வளைந்து என் மேசைக்கு வருகின்றன. சுத்தமான கறியில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் மிகக் குறைவு என்பது பலருக்குத் தெரிவதில்லை.

ஆகவே என் யோசனை: வளர்ந்து முடியும் வரைக்குமாவது குட்டிக்கு, குட்டிகளுக்கென்றே விற்கும் உணவைக் கொடுங்கள். உள்ளூர்க் கம்பெனியாக இருந்தாலும், முழு உணவு என்று பையில் போட்டிருந்தால் போதும். வளர்ந்த நாய்க்கு வீட்டுச் சாப்பாடுதான் என்று முடிவு செய்தால், சோறோ கேழ்வரகுக் களியோ தட்டில் பாதிக்கு மேல் போக வேண்டாம். மீதியில் பெரும்பங்கு வேகவைத்த கோழி, முட்டை, மீன். கொஞ்சம் பூசணி, கேரட், பீன்ஸ். உப்பு, மிளகாய், தாளிப்பு எதுவும் வேண்டாம். கால்சியத்துக்கு என்ன சேர்ப்பது, எவ்வளவு சேர்ப்பது என்பதை நாயின் எடையைச் சொல்லி உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பெரிய இனக் குட்டிக்கு நல்ல பாக்கெட் உணவு கொடுத்துக்கொண்டே மேலே கால்சியம் டானிக்கும் ஊற்றாதீர்கள். மூட்டு கெட அது ஒரு காரணம்.

தாளிப்பு வேண்டாம் என்றேன் அல்லவா, அதில்தான் நம் சமையலறையின் பெரிய ஆபத்து இருக்கிறது. வெங்காயம், பூண்டு இரண்டும் நாய், பூனையின் சிவப்பணுக்களை உடைக்கும். வேகவைத்தாலும் பொடியாக இருந்தாலும் அந்தக் குணம் போவதில்லை. பூனைக்கு இது இன்னும் சீக்கிரம் ஏறும்; நாலு கிலோ பூனைக்கு இரண்டு மூன்று சின்ன வெங்காயமே போதும். தின்ற அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மூன்று நான்கு நாள் கழித்து ஈறு வெளுத்து, மூத்திரம் காபி நிறத்தில் போய், படியேற மூச்சு வாங்கும்போது, சாம்பார் சோறு போட்டது யாருக்கும் ஞாபகம் இருக்காது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தாலும் சேதம் சேரும்.

திராட்சையும் அப்படித்தான். பச்சையாக இருந்தாலும் கிஸ்மிஸாக இருந்தாலும் நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். பாயசத்திலும் கேசரியிலும் நெய்யில் வறுத்துப் போடுவோமே, அதே கிஸ்மிஸ். இதற்குக் காரணம் திராட்சையில் உள்ள டார்டாரிக் அமிலம் என்று இப்போது கருதப்படுகிறது. அந்த அமிலம் புளியிலும் நிறைய உண்டு. புளி தின்ற நாய்களுக்கும் அதே விதமான சிறுநீரகப் பாதிப்பு வந்ததை 2022-ல் அமெரிக்க விலங்கு நச்சு மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஒரு வாய் ரசம் சோறு தின்றுவிட்டதே என்று அலறிக்கொண்டு ஓடிவர வேண்டியதில்லை. ஆனால் சாம்பார், காரக்குழம்பு, புளியோதரை ஆகியவற்றைத் தினசரிச் சாப்பாடாக வைக்காதீர்கள். புளி உருண்டையும் கிஸ்மிஸ் டப்பாவும் எட்டாத இடத்தில் இருக்கட்டும். தீபாவளிக்கு வரும் சாக்லேட் பெட்டியும், சர்க்கரை நோயாளிகளுக்கான இனிப்புகளும் சூயிங் கமும் அதே அலமாரிக்குப் போகட்டும். அந்த இனிப்பில் சைலிட்டால் என்ற மாற்றுச் சர்க்கரை இருந்தால் நாயின் ரத்தச் சர்க்கரை அரை மணி நேரத்தில் சரிந்துவிடும்.

எலும்பைப் பற்றி ஒரு வரி: குழம்பில் வெந்த எலும்பு எதுவும் வேண்டாம், கோழி எலும்பு வேண்டவே வேண்டாம். வெந்த எலும்பு ஊசியாக உடைந்து குடலைக் குத்தும். இதில் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

பூனைக்கு வருவோம். பூனையைச் சின்ன நாய் என்று நினைத்துச் சோறு போடுகிற வீடுகள் அநேகம். பூனை இறைச்சியாலேயே உயிர் வாழும்படி படைக்கப்பட்ட விலங்கு. டாரின் என்ற ஒரு சத்தை அதன் உடல் தானாகப் போதுமான அளவு செய்துகொள்ளாது. இறைச்சியிலிருந்துதான் கிடைக்க வேண்டும். அது குறைந்தால் கண்ணின் விழித்திரை அழியும், இதயத் தசை தளர்ந்து ஊதும். டாரின் குறைவுதான் பூனைகளின் இதய வீக்கத்துக்குக் காரணம் என்று 1987-ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் கண்டுபிடித்த பிறகு, பூனை உணவுக் கம்பெனிகள் எல்லாம் அதன் அளவைக் கூட்டின. பால் சோறு மட்டுமே தின்னும் வீட்டுப் பூனைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. கறியையும் மீனையும் வேகவைத்தால் டாரின் தண்ணீரில் இறங்கிவிடும். அதனால் அந்தத் தண்ணீரைக் கொட்டாமல் உணவோடு சேர்த்தே வையுங்கள். மத்தி, நெத்திலி போன்ற மீன்களைப் பச்சையாகத் தினமும் போட வேண்டாம்; வைட்டமின் பி1-ஐ அழிக்கும் பொருள் அவற்றில் இருக்கிறது, வேகவைத்தால் அது போய்விடும். முட்டையும் வெந்ததாகவே இருக்கட்டும்.

சைவ வீட்டுக்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். உங்கள் நெறியை நான் மதிக்கிறேன். நாயை முட்டையோ தயிர், பருப்போ கொடுத்து, குறைகிற சத்துகளை மருத்துவர் சொல்கிறபடி சேர்த்து வளர்க்க முடியும். பூனையை முடியாது. வீட்டில் கறி சமைக்க விருப்பமில்லை என்றால் பூனைக்கான பாக்கெட் உணவையே முழு உணவாக வையுங்கள். அதுவும் கூடாது என்று நினைக்கும் வீட்டில் பூனை வளர்க்க வேண்டாம் என்று மகளிடம் சொல்லிவிடுவது அந்தப் பூனைக்குச் செய்யும் நன்மை.

பாலைப் பற்றிக் கேட்பீர்கள். தாய் இல்லாத பூனைக்குட்டிக்குப் பசும்பால் ஊற்றினால் பேதியாகி இரண்டு நாளில் துவண்டுவிடும். குட்டிகளுக்கென்று பால் பவுடர் கிடைக்கிறது. வளர்ந்த பூனைக்குத் தண்ணீர் போதும். தண்ணீர்தான் முக்கியம், ஏன் என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

கடுவன் பூனை ஒன்று மணல் தட்டில் போய் உட்கார்கிறது. வாலைத் தூக்கி முதுகை வளைத்து முக்குகிறது. ஒன்றும் வரவில்லை. எழுந்து வந்து பின்பக்கத்தை நக்குகிறது. ஐந்து நிமிடத்தில் மறுபடி போய் உட்கார்கிறது. பிறகு குளியலறை மூலையில், சோபாவுக்குப் பின்னால், கால்மிதியில் என்று கண்ட இடத்தில் முக்கிப் பார்க்கிறது. அடித்தொண்டையில் ஒரு கத்தல். வீட்டில் எல்லாரும் மலச்சிக்கல் என்று நினைக்கிறார்கள். வாழைப்பழம் ஊட்டிப் பார்க்கிறார்கள், விளக்கெண்ணெய் புகட்டுகிறார்கள், நாளை பார்ப்போம் என்று படுக்கிறார்கள். அதற்கு அடைத்திருப்பது மூத்திரக் குழாய். ஆண் பூனைக்கு அந்தக் குழாய் மிகக் குறுகல். உப்புத் துகளும் சளியும் சேர்ந்து ஒரு சிறு அடைப்பு போதும். சிறுநீர்ப்பை எலுமிச்சை அளவுக்கு ஊதிக் கெட்டியாகிவிடும். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, ஒன்றிரண்டு நாளில் இதயம் நின்றுவிடும். இதை நீங்கள் பார்த்தால் அது ராத்திரி இரண்டு மணியாக இருந்தாலும் அப்போதே கிளம்புங்கள். வயிற்றை அழுத்தாதீர்கள், வாயில் எதையும் ஊற்றாதீர்கள். நேரத்தோடு வந்தால் மயக்கம் கொடுத்துக் குழாய் போட்டுக் காப்பாற்றிவிடலாம்.

இது வராமல் இருக்கத்தான் தண்ணீர். பாலைவனத்து முன்னோர் வழி வந்தது என்பதால் பூனைக்குத் தாகம் குறைவு. வெறும் உலர் தீனி தின்கிற பூனை தேவைக்கு மிகக் குறைவாகவே குடிக்கும். ஒரு வேளையாவது ஈரமான உணவு கொடுங்கள், உலர் தீனியில் வெந்நீர் ஊற்றி ஊறவையுங்கள். வீட்டில் இரண்டு மூன்று இடங்களில், வாய் அகன்ற கிண்ணத்தில், சோற்றுக்கும் மணல் தட்டுக்கும் தள்ளி, தினமும் மாற்றிய தண்ணீர் இருக்கட்டும்.

இன்னொன்று. பூனை இரண்டு நாள் ஒன்றுமே தின்னவில்லை என்றால், குறிப்பாகப் பருத்த பூனை என்றால், விரதம் இருக்கிறது என்று விடாதீர்கள். உடம்புக் கொழுப்பு மொத்தமும் கல்லீரலில் இறங்கிக் கல்லீரலைக் கெடுத்துவிடும். நாய் ஒரு வேளை சாப்பாட்டைத் தள்ளினால் பொறுத்துப் பார்க்கலாம். பூனைக்கு அந்தப் பொறுமை கூடாது.

இனி, உங்கள் வீட்டு மருந்து டப்பா. அலமாரியின் மேல்தட்டில், பழைய பிஸ்கட் டப்பாவில், காய்ச்சல் மாத்திரை, கால்வலி மாத்திரை, தைலம் எல்லாம் ஒன்றாகக் கிடக்குமே, அது. நாயைத் தொட்டால் சுடுகிறது. காய்ச்சல் என்று நினைத்துப் பாராசிட்டமாலை உடைத்துக் கொடுக்கிறீர்கள். நாய், பூனையின் இயல்பான உடல் வெப்பமே 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். நம் கைக்கு அது எப்போதும் சுடத்தான் செய்யும். மூக்கு காய்ந்திருப்பதும் காய்ச்சலுக்கு அடையாளம் ஆகாது. பாராசிட்டமாலைப் பிரித்து வெளியேற்றும் வழி பூனையின் கல்லீரலில் ஏறக்குறைய இல்லை. ஒரே ஒரு 500 மில்லிகிராம் மாத்திரை ஒரு பூனையைக் கொல்லும். ஈறு பழுப்பாகும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சு திணறும். மாற்று மருந்து உண்டு, ஆனால் சில மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். நாய்க்கு அது மருத்துவர் எடைக்குக் கணக்குப் பார்த்துச் சொல்ல வேண்டிய விஷயம். மூட்டு வலிக்கு நீங்கள் போட்டுக்கொள்ளும் ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் இரண்டையும் நாய்க்கும் பூனைக்கும் கொடுக்கவே கூடாது. வயிற்றில் புண் வந்து கறுப்பாக மலம் போகும், சிறுநீரகம் கெடும். அன்பினால் கொடுத்த மாத்திரைதான் என்று எனக்குத் தெரியும். உடம்புக்கு அது தெரியாதே.

சொறிக்குக் கற்பூரத்தைத் தேங்காய் எண்ணெயில் கரைத்துத் தடவுவது, பட்டறையிலிருந்து வண்டியின் கழிவு எண்ணெய் வாங்கிப் பூசுவது, உண்ணிக்கு மண்ணெண்ணெய் துடைப்பது எல்லாம் இன்னும் நடக்கிறது. நாயும் பூனையும் தம் உடம்பில் பூசியதை நக்கியே தீரும். கற்பூரம் உள்ளே போனால் வலிப்பு வரும். எண்ணெய் தோலைப் புண்ணாக்கி ஈரலையும் கெடுக்கும். சொறிக்கு இன்று நல்ல மாத்திரை இருக்கிறது. ஒரு மாதத்தில் பெரும்பாலும் ஆறிவிடும். பூனை வளர்ப்பவர்கள் இதையும் குறித்துக்கொள்ளுங்கள்: நாயின் கழுத்தில் விடும் உண்ணிச் சொட்டு மருந்தையும் மாட்டுக்கு அடிக்கும் உண்ணி மருந்தையும் பூனைமேல் போடக் கூடாது. அவற்றில் பலவற்றில் இருக்கும் பெர்மெத்ரின், டெல்டாமெத்ரின் பூனையைத் துடிக்க வைத்துக் கொல்லும். பூஜைக்கு வைக்கும் அரளிப் பூவும், விசேஷத்துக்கு வரும் லில்லிப் பூங்கொத்தும் பூனை இருக்கும் அறையில் வேண்டாம். லில்லியின் மகரந்தம் முடியில் ஒட்டி அதை நக்கினாலே பூனைக்குச் சிறுநீரகம் போய்விடும்.

உண்ணியைப் பற்றிப் பேசாமல் தமிழ்நாட்டில் நாயைப் பற்றிப் பேச முடியாது. நாயின் காது மடலை விரித்துப் பாருங்கள். காதின் உள்மடிப்பில், விரல்களின் இடுக்கில், கழுத்துப் பட்டைக்கு அடியில் பழுப்பு மிளகுபோல ஒட்டியிருக்கும். ரத்தம் குடித்த பெண் உண்ணி வெளிறிய ஆமணக்கு விதை அளவுக்கு ஊதும். பிறகு கீழே விழுந்து சுவரேறிப் போகும். காலண்டருக்குப் பின்னால், கதவு நிலையின் விரிசலில், சுவிட்ச் பெட்டியின் ஓரத்தில் போய்ச் சில ஆயிரம் முட்டை இட்டுச் சாகும். அதிலிருந்து வருகிற குஞ்சுகள் தீனி இல்லாமலே மாதக்கணக்கில் காத்திருக்கும். நாயை எத்தனை முறை குளிப்பாட்டினாலும் உண்ணி திரும்பி வருவதற்குக் காரணம் அதுதான். உண்ணிக் கூட்டத்தின் பெரும்பகுதி எப்போதும் நாய்மேல் இல்லை, வீட்டில் இருக்கிறது. விரிசலைப் பூசுங்கள், படுக்கைத் துணியை வெந்நீரில் துவையுங்கள். மாதத்துக்கு ஒன்றோ மூன்று மாதத்துக்கு ஒன்றோ கொடுக்கும் மாத்திரை கிடைக்கிறது. விலை கூடுதல்தான். உண்ணிக் காய்ச்சலுக்கு ரத்தம் ஏற்றும் செலவோடு பார்த்தால் குறைவு.

உண்ணிக் காய்ச்சல் வந்த நாய் முதலில் சும்மா சோர்ந்து படுக்கும். சாப்பாட்டை முகர்ந்துவிட்டு நகரும். ஈறு வெளுக்கும், வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளி தெரியும், சில சமயம் மூக்கில் ரத்தம் சொட்டும். ரத்தப் பரிசோதனையில் தட்டணுக்கள் சரிந்திருக்கும். இதற்கு டாக்ஸிசைக்ளின் கொடுக்கிறோம், வழக்கமாக நாலு வாரம். மூன்றாம் நாளே நாய் எழுந்து வாலாட்டித் தின்னத் தொடங்கும். பெரும்பாலான வீடுகளில் மாத்திரை நிற்பது அன்றைக்குத்தான். கிருமி உள்ளே தங்கி, மாதங்கள் கழித்து எலும்பு மஜ்ஜையைத் தாக்கும்போது எங்களால் செய்ய முடிவது குறைவு. டாக்டர் சொன்ன நாள் முடியும்வரை கொடுங்கள்.

ஈறு வெளுக்கும் என்று பலமுறை சொல்கிறேன். பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். நாய் உங்கள் பக்கத்தில் படுத்திருக்கும்போது மேலுதட்டைக் கட்டைவிரலால் மெல்லத் தூக்குங்கள். கோரைப் பல்லுக்கு மேலே உள்ள சதை இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்கும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் மீண்டும் சிவக்கும். பிறவியிலேயே கறுத்த ஈறு உள்ள நாய் என்றால் கீழ் இமையை இழுத்து உள்பக்கம் பாருங்கள். நலமாக இருக்கும்போதே நாலைந்து தடவை பார்த்து நிறத்தை மனத்தில் வைத்துக்கொண்டால், மாறும்போது சட்டென்று தெரியும். தூங்கும்போது ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்றும் எண்ணிப் பழகுங்கள். முப்பதுக்குள் இருக்க வேண்டும். வயதான பொமரேனியன் தூங்கும்போதே நாற்பது, ஐம்பது மூச்சு விட்டால் இதயத்தைப் பார்க்க வேண்டும்.

தடுப்பூசியில் ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. “குட்டியை விற்றவரே ஒரு ஊசி போட்டுத்தான் கொடுத்தார்.” ஒன்று போதாது. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்பு சக்தி குட்டியின் உடம்பில் இருக்கும்வரை அது தடுப்பூசியையும் வேலை செய்யவிடாது. அது எப்போது வடியும் என்பது குட்டிக்குக் குட்டி வேறு. அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நாலு வாரத்துக்கு ஒரு முறை, பதினாறு வாரம் ஆகும்வரை போடுகிறோம். நடுவில் விட்ட குட்டியைத்தான் பார்வோ வைரஸ் பிடிக்கும்: ஓயாத வாந்தி, நாற்றமெடுக்கும் ரத்தப் பேதி. ஒரு குட்டி பார்வோவில் போன வீட்டில் அந்தக் கிருமி தரையில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஃபினாயில் அதைக் கொல்லாது. ஒரு பங்கு ப்ளீச்சிங் திரவத்துக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து, பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவ வேண்டும். மழைக்காலத்துக்கு முன் எலிக்காய்ச்சல் ஊசியும் ஆண்டுதோறும் போடுங்கள். அது நாயிடமிருந்து உங்களுக்கும் வரக்கூடிய நோய்.

வெறிநோய் ஊசி மூன்றாம் மாதத்தில், பிறகு ஆண்டுக்கு ஒன்று. வீட்டை விட்டு இறங்காத பூனைக்கும் சேர்த்துத்தான். எந்த நாயோ பூனையோ, உங்கள் சொந்தச் செல்லமே ஆனாலும், பல் பட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்ப் பொடி எதுவும் வைக்க வேண்டாம். அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ஊசி அங்கே இலவசம். அறிகுறி தொடங்கிவிட்டால் இந்த நோய்க்கு மருத்துவம் இல்லை. இதைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன், மன்னியுங்கள்.

குடற்புழு மருந்து மூன்று மாதத்துக்கு ஒரு முறை, எடைக்கு ஏற்ப. பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வந்து தரையில் தவழும் வீடு என்றால் தவறவே கூடாது.

எடையைப் பற்றி உங்களோடு கொஞ்சம் வாதாட வேண்டியிருக்கிறது. காலை டீயோடு இரண்டு மேரி பிஸ்கட், பதினோரு மணிக்குப் பொறை, மாலையில் தோசை ஓரம் என்று பார்த்துப் பார்த்துப் போடுகிறீர்கள். அது கண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் கொடுக்காமல் இருக்க மனம் வராது. அமெரிக்காவில் 48 லாப்ரடார் குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒன்றுக்கு மற்றதைவிடக் கால்பங்கு குறைவாகச் சாப்பாடு போட்டு, வாழ்நாள் முழுக்கத் தொடர்ந்து பார்த்தார்கள். 2002-ல் முடிவு வெளிவந்தது. குறைவாகத் தின்றவை ஏறக்குறைய இரண்டு ஆண்டு கூடுதலாக வாழ்ந்தன. மூட்டு வலியும் அவற்றுக்குப் பிந்தியே வந்தது. விலாவில் கைவைத்துத் தடவினால் எலும்பு விரலுக்குத் தட்டுப்பட வேண்டும், மேலிருந்து பார்த்தால் இடுப்பு தெரிய வேண்டும். சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் வளர்ப்பவர்களுக்கு வேறு கவலை: அவை வேட்டை ஓட்டத்துக்கென்றே ஒல்லியாகப் பிறந்தவை. சொந்தக்காரர்கள் வந்து ‘நாய்க்குச் சோறு போடுவதில்லையா’ என்று கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும்.

வெயில். பக், ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட் எல்லாம் நம் ஊருக்கு வந்திருக்கவே கூடாது என்பது என் எண்ணம். வந்துவிட்டன, இனிக் காப்பாற்றியாக வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் காலை ஏழு மணிக்கு முன்னும் பொழுது சாய்ந்த பின்னும் மட்டுமே நடைக்குக் கூட்டிப்போங்கள். தார்ச்சாலையில் உங்கள் புறங்கையை வைத்து ஏழு விநாடி தாங்க முடியவில்லை என்றால் அதன் பாதமும் தாங்காது. நாக்கு கருஞ்சிவப்பாகித் தரையில் எச்சில் ஒழுக, தள்ளாடினால் அது வெப்பத் தாக்கு. முதலில் குழாய்த் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றி, ஃபேனைப் போட்டு, பிறகு வண்டியில் ஏற்றுங்கள். குளிர்விக்காமல் அப்படியே தூக்கிக்கொண்டு வருவதில் வழியிலேயே போகிற உயிர்கள் உண்டு.

பெட்டை நாய்க்குக் கருத்தடை செய்வது பாவம் என்று தயங்குகிறவர்களிடம் ஒன்று மட்டும் சொல்வேன். செய்யாத நாய்களுக்கு நடுவயதுக்கு மேல் கருப்பையில் சீழ் கட்டுவது சாதாரணமாக வரும். பருவம் முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் தண்ணீரை அள்ளி அள்ளிக் குடிக்கும், சாப்பிடாது, சில சமயம் பின்னால் நாற்றமான கசிவு இருக்கும், சில சமயம் அதுவும் இருக்காது. அப்போது செய்யும் அறுவை, இரண்டு வயதில் செய்வதைப் போல எளிதில்லை. அதற்குப் பிறகு முடிவு உங்களுடையது.

பிள்ளைகளிடம் கேட்டு வாங்க வேண்டியவையும் இருக்கின்றன. தடுப்பூசி அட்டையில் உங்கள் போன் நம்பரைச் சேர்க்கச் சொல்லுங்கள். மாதாமாதம் உண்ணி மாத்திரைக்கும் ஆண்டுக்கு ஒரு ரத்தப் பரிசோதனைக்கும் ஆகும் பணத்தை அனுப்பச் சொல்லுங்கள். கூச்சப்படாதீர்கள், அது அவர்கள் வாங்கிய நாய். இந்த வாரமே ஒரு காரியம் செய்யுங்கள். ராத்திரியிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் திறந்திருக்கும் விலங்கு மருத்துவமனை உங்கள் ஊரில் எது என்று போன் செய்து விசாரியுங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு, 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை வேப்பேரியில் இருக்கிறது. நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு கல்லூரிகளிலும் மருத்துவமனைகள் உண்டு. மற்ற ஊர்களில் அரசு கால்நடை மருந்தகத்து டாக்டரைக் கேட்டால் வழி சொல்வார். அந்த நம்பரையும், நாயை ஏற்றிக்கொள்ளச் சம்மதிக்கும் ஆட்டோக்காரர் ஒருவரின் நம்பரையும், செல்லத்தின் எடையையும் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி, கண்ணாடி போடாமலே படிக்கிற மாதிரி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவையுங்கள். பூனை உள்ள வீடு என்றால் தூக்கிவரக் கூடை ஒன்றும் வாங்கி, எப்போதும் திறந்தபடி அதன் படுக்கைக்குப் பக்கத்திலேயே போட்டுவையுங்கள்; பழகிய கூடை என்றால் அவசரத்தில் கையைக் கீறாமல் உள்ளே போகும்.

அன்புடன்,
உங்கள் ஊர்க் கால்நடை மருத்துவர்